டெர்மினலில் நிலநடுக்கச் செய்தி

1990-களின் நடுவில் ஸ்வீடனைச் சேர்ந்த நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு சின்னத் தேவை வந்தது. ஐஆர்சி அரட்டை அறையில் யாராவது கேட்டால் அன்றைய நாணய மாற்று விகிதத்தைச் சொல்ல வேண்டும். விகிதம் இணையத்தில் கிடைக்கும். ஆனால் தினமும் போய் அதை எடுத்துவர ஒரு நிரல் வேண்டும். ரஃபேல் சகுலா எழுதியிருந்த எச்டிடிபிகெட் என்ற குட்டி நிரலைத் தன் தேவைக்கேற்பத் திருத்தத் தொடங்கினார். அது வளர்ந்து 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரோடு வெளிவந்தது. இன்று மேக், விண்டோஸ் கணினிகளில் அது கூடவே வருகிறது. லினக்ஸில் இல்லாவிட்டாலும் ஒரு கட்டளையில் வந்துவிடும்.

டெர்மினலில் ஒரு வரி தட்டினால் இணையத்திலிருந்து தகவல் கொண்டுவரும் நிரலை எழுதப் பழகுகிறவர்களுக்கும் இதே வழிதான் நல்லது. அடிக்கடி தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரே ஒரு விஷயம் போதும். பலர் வானிலையில் தொடங்குவார்கள். நான் நிலநடுக்கத்தைச் சொல்வேன். அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ், உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பதிவு செய்துகொள்ள வேண்டாம், அனுமதிச் சாவி வாங்க வேண்டாம், காசும் கிடையாது.

அந்தப் பட்டியலை நிரல்கள் கேட்டு வாங்குவதற்கென்று வகுத்த முறைதான் ஏபிஐ. படம், பட்டன், விளம்பரம் எதுவும் இருக்காது. இன்ன முகவரியில் இன்ன விதமாகக் கேட்டால் இன்ன வடிவில் பதில் வரும் என்ற ஒப்பந்தம் மட்டும் இருக்கும். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன்பின் நம் நிபந்தனைகளை அடுக்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, குறைந்தது எந்த அளவு, பதில் எந்த வடிவில். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து, அந்த இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் என்றும் கேட்கலாம். ஒரே கேள்விக்கு 20,000 நிகழ்வுகளுக்கு மேல் தரமாட்டார்கள்.

இந்த இடத்தில் கை பரபரக்கும். நிரல் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் அந்த முகவரியை பிரவுசரிலோ கர்லிலோ கொடுத்து, வருகிற பதிலை வரிவரியாகக் கண்ணால் படியுங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். 2004 டிசம்பர் 26-லிருந்து 27 வரை என்று தேதி கொடுங்கள். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஏற்பட்டு, நாகப்பட்டினம் வரை சுனாமியை அனுப்பிய அந்த நிலநடுக்கம் பட்டியலில் இருக்கும். அளவு 9.1.

பதிலை ஜியோஜேசன் என்ற வடிவில் கேளுங்கள். அது ஜேசன் என்ற தரவு வடிவின் ஒரு வகை. நெளி அடைப்புக்குறிகளும் சதுர அடைப்புக்குறிகளுமாக, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வெறும் எழுத்துக்கோவை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அளவு, இடம், நேரம் ஒரு பகுதியில். ஆயத்தொலைவுகள் இன்னொரு பகுதியில். சுமத்ராவுக்கு 95.982, 3.295, 30 என்று மூன்று எண்கள் இருக்கும். நாம் வழக்கமாக அட்சரேகையை முதலில் சொல்வோம். இங்கே தீர்க்கரேகைதான் முதலில். மூன்றாவது எண் ஆழம், கிலோமீட்டரில். வரிசையை மாற்றிப் படித்தால் சென்னை ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது, தவறான இடத்தைத் தைரியமாகச் சொல்லிவிடும்.

நேரமும் நாம் படிக்கிற மாதிரி இருக்காது. 1104022733 என்று தொடங்கி, பின்னால் இன்னும் 3 இலக்கங்கள் ஒட்டிய ஒரு பெரிய எண். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்துபோன மில்லிவிநாடிகள் அவை. நம் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதப்போகிறோம். அதன் தேதிக் கருவி விநாடியைத்தான் எதிர்பார்க்கும். அப்படியே கொடுத்தால் 36,000-க்கு மேற்பட்ட ஓர் ஆண்டைக் கணக்கிட்டு, அது வரம்பு மீறியது என்று நின்றுவிடும். 1000-ஆல் வகுத்துக் கொடுத்தால் 0 மணி 58 நிமிடம் 53 விநாடி என்று வரும். அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நாம் அறிந்த காலை 6.28. தேதியைக் கொடுத்துக் கேட்கும்போதும் இதே கதைதான். நம் நாளில் அதிகாலை 5.30-க்கு முன் நடந்தது எதுவும் அவர்கள் கணக்கில் முந்தைய நாளில் கிடக்கும்.

இவ்வளவும் புரிந்தபின் நிரல் எழுதுவது சில மணி நேர வேலை. பைத்தானில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. முகவரியைக் கோக்க, பதிலை வாங்க, ஜேசனைப் பிரிக்க எல்லாவற்றுக்கும் உள்ளேயே கருவிகள் இருக்கின்றன. கட்டளை வரியில் தட்டுவதைப் புரிந்துகொள்ள ஆர்க்பார்ஸ் இருக்கிறது. பலர் கவனிக்காத வசதி ஒன்று: பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆகவே நம் கட்டளை இப்படியே இருக்கலாம்:

நடுக்கம் --அளவு 6 --நாட்கள் 7

கடந்த 7 நாட்களில் 6-க்குக் குறையாத நிலநடுக்கங்கள் என்று பொருள். அளவு என்பது எண் என்று முன்பே சொல்லிவைத்தால், யாராவது எழுத்தைத் தட்டும்போது ஆர்க்பார்ஸே கண்டித்து நிறுத்திவிடும். உதவிக் குறிப்பையும் அதுவே தயாரித்துத் தரும். ஆனால் தமிழ்த் தலைப்புகளோடு அட்டவணை போடும்போது கட்டங்கள் கோணும். 'நிலநடுக்கம்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. பைத்தானுக்கு 11 குறியீடுகள், ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அகலத்தைக் கணக்கிடும்போது இதை மனத்தில் வையுங்கள். அல்லது அட்டவணையே வேண்டாம் என்று வரிக்கொரு செய்தியாக அச்சிடுங்கள். நான் இரண்டாவது கட்சி.

இனி, வலைத்தொடர்பு பொய்த்தால் என்ன செய்வது? பதிலை வாங்கும் பைத்தான் கருவி, நீங்கள் காலக்கெடு சொல்லாவிட்டால் எதிர்முனை பேசும்வரை காத்துக்கொண்டே இருக்கும். 10 விநாடி என்று ஒரு கெடு வைத்துவிடுங்கள். பதில் வந்தாலும் அதன் தலையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 200 என்றால் சரி. 400 என்றால் நம் கேள்வியில் கோளாறு, திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறோம். 503 என்றால் அவர்கள் பக்கம் சிக்கல், சற்றுப் பொறுத்துக் கேட்கலாம்.

தோல்வியைச் சொல்வதற்கும் டெர்மினல் உலகில் ஒரு மரபு உண்டு. 1970-களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய ஆட்கள் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒளிப்படத்தாளில் எழுத்து பதியும். அதை நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்தில் கழுவி, சில நிமிடம் காத்திருந்துதான் பார்க்க முடியும். ஒரு நாள் பிற்பகல் காத்திருந்தவர்களுக்கு, கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி மட்டும் அழகான எழுத்தில் அச்சாகி வந்தது. அதன்பிறகுதான் விடைக்கு ஒரு வழி, பிழைச்செய்திக்குத் தனி வழி என்று பிரித்தார்கள். நம் நிரலும் அப்படியே செய்ய வேண்டும். நிலநடுக்கப் பட்டியல் விடை வழியில், 'இணைப்பு கிடைக்கவில்லை' என்பது பிழை வழியில். முடியும்போது, வேலை நடந்தால் 0, நடக்காவிட்டால் வேறோர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அப்போதுதான் நம் நிரலின் விடையை வாங்கி வரிசைப்படுத்தவோ சேமிக்கவோ செய்யும் அடுத்த நிரல் ஏமாறாது.

சாவி கேட்கும் ஏபிஐ-க்கு நாளைக்குப் போவீர்கள். அந்தச் சாவியை நிரலுக்குள் எழுதாமல், நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறியில் வைத்துப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றும்போது சாவியும் சேர்ந்து ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருக்கும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் யுஎஸ்ஜிஎஸ் கதவைத் தட்டாதீர்கள். அவர்கள் தரும் அண்மைய நிகழ்வுகளின் தொகுப்பே நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு பதிலைக் கோப்பாகச் சேமித்து, நிரல் அதையே படிக்கும்படி செய்து பாருங்கள். பிறகு அந்தக் கோப்பில் ஏதாவது ஒரு நிகழ்வின் அளவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெற்று மதிப்பை வையுங்கள். உண்மைத் தரவிலும் அப்படி வருவதுண்டு. இன்னொரு நிகழ்வுக்கு மைனஸ் 0.4 என்று கொடுங்கள். மிகச் சிறிய அதிர்வுகளுக்கு எதிர்ம எண்ணே வரும். நிரல் இரண்டையும் தாண்டிப் பட்டியலை முடித்தால் நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.