பள்ளி வாயிலுக்குள்ளும் சட்டம் உண்டு

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், "கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். நம்பிக்கையின் மிகுதியால் பிறந்த சொல்தான் அது. ஆயினும், நமக்கே இல்லாத உரிமையை மற்றொருவருக்கு நாம் எழுதிக் கொடுக்க இயலுமா? அவ்வாறே, "கிடைத்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாதிருப்பதே தொண்டு" என்று ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் முறையாகுமா?

பள்ளி வாயிலைத் தாண்டியதும் மாணவனும் ஆசிரியரும் தம் உரிமைகளை இழந்துவிடுவதில்லை. 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இதைத் தெளிவுபடுத்தின. இரண்டையும் எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி.

முதலாவது, மாணவர் வழக்கு. கேரளத்துப் பள்ளியொன்றில் பயின்ற உடன்பிறப்புகள் மூவர், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பர், ஆனால் பாடமாட்டார்கள். அவர்கள் சார்ந்திருந்த யெகோவா சாட்சிகள் சபையின் நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை. 1985 ஜூலையில் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. ஆனால் உச்ச நீதிமன்றம், பாடியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை என்றும், துறையின் சுற்றறிக்கையைக் காட்டி மனச்சான்றின் உரிமையைப் பறிக்க முடியாதென்றும் கூறி, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. அவர்களுடைய கொள்கை நம்முடையதன்று. எனினும், அவர்களைக் காத்த அதே அரசியலமைப்புதான் நம்மையும் காக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, ஆசிரியர் வழக்கு. தனியார் பள்ளி ஊழியரின் ஊதியம் அரசுப் பள்ளி ஊழியருடையதற்குக் குறையலாகாது என்று 1973ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் விதித்தது. ஆனால், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. பிராங்க் அந்தோணி பள்ளியின் ஊழியர் சங்கம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. நல்ல ஊதியம் கொடுப்பதால் பள்ளியின் சிறுபான்மைத் தன்மை கெடுவதில்லை என்று கூறிய நீதிமன்றம், அவ்விலக்கு பெரும்பாலும் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக் கல்வித்துறையின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற விதியிலிருந்து மட்டும் விலக்கு நீடித்தது.

இந்தத் தீர்ப்பு நம் நெஞ்சைத் தொடவேண்டும். நாம் நடத்தும் பள்ளிகளுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு அரண். ஆனால், நிருவகிக்கும் உரிமை என்பது முறைகேடாக நிருவகிக்கும் உரிமை அன்று என்று, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் 1958ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்துவிட்டது. அரண் எழுப்பப்பட்டது உள்ளே இருப்போரைக் காப்பதற்கே, அவர்களை அடைப்பதற்கன்று.

பிரம்பைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு கருத்துரைத்தது. அதைக் கொண்டு எவரும் பிரம்பை எடுத்துவிட வேண்டாம். தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை.

தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009இல், 1997 ஏப்ரல் முதலே செல்லுமாறு, சட்டம் திருத்தப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே ஆசிரியப் பெருமக்கள் நியமன ஆணையையும் ஊதியச் சான்றுகளையும் பத்திரமாக வைத்திருப்பார்களாக. பெற்றோரே, பிள்ளை அடிபட்டு வந்தால் தெருவில் நின்று கூச்சலிட வேண்டாம். வாய்மூடியும் இருக்க வேண்டாம். குறையை எழுத்தில் தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பயனில்லையேல் கல்வி அலுவலரை அணுகுங்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

தாளாளர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது ஒன்றே: நீதிமன்றம் ஆணையிட்ட பின் கொடுப்பது கடன், கேட்குமுன் கொடுப்பதே அறம்.