வண்டியோட்டிக்குப் புலப்படாத நிலம்

ஆரணி நகரம் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. நெசவாளர் வீதிகளில் பட்டுப் பாவு நீளமாக விரித்துச் சீர் செய்யப்படுகிறது. சிறுவர் அருகில் விளையாடுவர். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் அந்நகரின் அரிசி ஆலைகளை நாடி வருகின்றன. இத்தகைய இடங்களில், ஓட்டுநருக்குத் தரை எவ்வளவு தெரிகிறது என்பது உயிரைப் பற்றிய விஷயமாகும்.

விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவென்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் யந்திர மூடியும், முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும், பின்னுள்ள பாரமும் மறைக்கும் இடம் எத்துணை ஜாக்கிரதையுள்ளவருக்கும் தெரியாது. அம்மறைவை அளக்கலாம்; அளந்தால் குறைக்கவும் வழி பிறக்கும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் நிலையத்தார், ஓட்டுநரின் கண் இருக்குமிடத்தில் காமிராவை வைத்துச் சுழற்றி மறைவிடங்களைப் படமாக்கும் முறையை வகுத்தனர். 2025இல் வெளியான முடிவின்படி, ஹோண்டா சி.ஆர்.வி. காரில் முன்புறம் 10 மீட்டருக்குள் தெரியும் பரப்பு, 1997 மாதிரியில் 68 சதவீதமாக இருந்து, 2022 மாதிரியில் 28 சதவீதமாகக் குறைந்துள்ளது. உயர்ந்த யந்திர மூடியும், தடித்த தூண்களும், பெரிய பக்கக் கண்ணாடிகளுமே மறைப்பன. லண்டன் மாநகரிலோ, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நேர்ப்பார்வையின் அளவைக் கொண்டு 0 முதல் 5 வரை நட்சத்திரம் அளிக்கப்படுகிறது. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்திற்குக் குறைந்தவை, கூடுதல் பாதுகாப்புக் கருவிகளின்றி அங்கே செல்லலாகாது. இத்தகைய விதிகளால் வண்டி செய்வோர் ஓட்டுநரின் ஆசனத்தைத் தாழ்த்தவும், கண்ணாடிப் பரப்பைப் பெருக்கவும் முற்படுகின்றனர்.

நிற்க. நம் களத்திலேயே இச்சோதனையைச் செய்யலாம். டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, யந்திரத்தை அணைத்து, பிரேக்கை இறுக்கி, ஓட்டுநரை வழக்கம்போல் உட்காரச் செய்க. மற்றொருவர் 90 சென்டிமீட்டர் உயரக் கோலை நட்டு நிறுத்தியவாறு வண்டியைச் சுற்றி, தொலைவிலிருந்து நெருங்கி வரட்டும். கோலின் நுனி மறையும் இடந்தோறும் சுண்ணாம்புப் பொடியால் குறியிட்டு, குறிகளை இணைக்க வேண்டும். கோட்டிற்கு உட்புறம் சிறு குழந்தை நின்றால் தெரியாதென்பது விளங்கும்.

உதாரணமாக, கண் தரையினின்று 2 மீட்டர் உயரத்திலும், யந்திர மூடியின் முன்விளிம்பு கண்ணுக்கு 1.5 மீட்டர் முன்னால் 1.5 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அவ்விளிம்புக்கு முன் 4.5 மீட்டர் வரை தரை தெரியாது, 1.8 மீட்டருக்குள் 90 சென்டிமீட்டர் உயரக் குழந்தை முழுவதும் மறைந்துவிடும். வைக்கோற்பாரம் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னாலோ மறைவு இதனினும் மிகுதி.

அளந்தபின் செய்யத்தக்கவை எளியனவே. முன்கண்ணாடியில் மாலைகளையும் படங்களையும் அகற்றுக. பக்கக் கண்ணாடிகளைத் துடைத்துச் சரியாகத் திருப்பிவைக்க. புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்க்க. பின்னோக்கிச் செலுத்துகையில் ஓட்டுநரின் பார்வையில் ஓர் ஆளை நிறுத்துக. அவ்வாள் மறைந்தால் உடனே நிறுத்துக.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், அறுவடை தொடங்குமுன் பொதுக்களத்தில் இச்சோதனையை ஒருநாள் நடத்திக் காட்டுவார்களாயின் பெரும் பயன் விளையும். சுண்ணாம்புக் கோட்டைத் தம் கண்ணால் கண்ட பெற்றோர், அதற்குள் தம் குழந்தையை விளையாட விடார்.