‘டி.சி. வாங்கிக்கறீங்களா, ஸார்?’

லோயர் கேம்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மலை. அப்புறம் அந்த மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள். முல்லைப் பெரியாறு தண்ணீர் அந்தக் குழாய் வழியாக விழுந்து, பவர் ஹவுஸில் கரண்ட் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் ஓடுகிறது. அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். டூரிஸ்ட் பஸ்கள் நிற்கின்றன. எல்லோரும் கர்னல் துரையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு குமுளி மலை ஏறிவிடுகிறார்கள்.

நான் போனது நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பார்க்க.

நோட்டுக்குச் சொந்தக்காரர் ஜீப் டிரைவர். கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். பொழுது சாயும்போது திரும்ப இறக்கிக் கொண்டுவந்து விடுவார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் தூங்கலாம். இந்த மனிதர் தூங்காமல் நோட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வயதில் ஒரு பையன். “எங்க பயலுக்கு அறிவில்லைன்னு யாரும் சொல்ல முடியாது ஸார். ஜீப்புல என்ன சத்தம் வருதுன்னு கேட்டா, எந்த பார்ட்டு போச்சுன்னு சொல்லிருவான். எழுத்துதேன் வரமாட்டேங்குது. ‘பலம்’னு எழுதச் சொன்னா ‘பமல்’னு எழுதிட்டு வந்து நிப்பான்” என்றார். மதுரையில் டாக்டர்கள் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு, டிஸ்லெக்ஸியா வகை என்று எழுதிக் கொடுத்தார்கள். 2007-ல் ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படம் பார்த்து ஊரே கண்ணீர் விட்டதே, அதே சமாசாரம். சினிமாப் பையனுக்குக் கண்ணீர் விட்டவர்கள் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். கேட்டது இரண்டே இரண்டு: பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம், வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லி மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைக்காமல் இருப்பது.

கடிதம் கொடுத்த மறு வாரத்திலிருந்து நோட்டு ஆரம்பம். எழுத்துப் பிழைகளைத் திருத்திச் சில வரிகள்:

“திங்கள், பகல் 12.40. ஆபீஸிலிருந்து போன். பையன் அடம் பிடிக்கிறான், வந்து கூட்டிப் போங்க என்றார்கள். போனேன். பையன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான்.”

“புதன். வேன் வீட்டுப் பக்கம் வரவில்லை. இனி மெயின் ரோட்டுக்கு வரணுமாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்தது.”

“வெள்ளி. போன வருஷ ஃபீஸில் பாக்கி என்றார்கள். ரசீது காட்டினேன். சரி என்றார்கள்.”

“திங்கள். பையனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். உயரமாக இருக்கிறானாம்.”

நான் படித்தது பி.காம். ரசீது இல்லாத செலவு செலவே இல்லை என்று சொல்லிக்கொடுத்த படிப்பு. அந்தக் கண்ணால் பார்த்தால் இந்த நோட்டு அருமையான கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வேன் ரூட் மாறுவது சகஜம், உயரமான பையன் பின்னால் உட்காருவது சகஜம். வரிசையாகப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

கடைசியில் ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து, காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்களாம்: “உங்க பையனுக்கு நம்ம ஸ்கூல் சரிப்பட்டு வரல. நல்ல இடமாப் பார்த்துச் சேர்த்திடுங்க. டி.சி. வாங்கிக்கறீங்களா, ஸார்?”

இந்த ‘வாங்கிக்கறீங்களா’வில்தான் சூட்சுமமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிகிறவரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சேர்க்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.) ஆகவே பள்ளிக்கூடம் நீக்குவதில்லை. பெற்றோரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்! விண்ணப்பத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று அப்பாவே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. நாளைக்கு யார் விசாரித்தாலும் ஃபைலில் இருக்கிற ஒரே காகிதம் அதுதான்.

நம்மவர் கையெழுத்துப் போடவில்லை. “யோசிச்சு சொல்றேன்” என்று காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இப்படியெல்லாம் நம் ஊரில்தான் நடக்கும், வெள்ளைக்காரன் ஊரில் பிள்ளைகளைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்குவான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு அமெரிக்கக் கதை. மிச்சிகன் மாநிலத்தில் நெப்போலியன் என்று ஒரு சின்ன ஊர். ஃப்ரை தம்பதி இந்தியாவில் பிறந்த ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். பெயர் எலேனா. மூளை முடக்குவாதம். கதவு திறக்க, விளக்குப் போட, கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கப் பழக்கிய நாய் ஒன்று அவளுக்கு இருந்தது. 2009-ல் அதைப் பள்ளிக்கு அழைத்துவரலாமா என்று கேட்டபோது, ‘உதவிக்குத்தான் ஆள் போட்டிருக்கிறோமே, நாய் எதற்கு?’ என்பது பதில். அப்புறம் சோதனை முறையில் கொஞ்ச நாள் விட்டார்கள். ஆனால் நாய் வகுப்பின் பின்புறத்தில் இருக்க வேண்டும், பல வேலைகளில் உதவக் கூடாது! குடை கொண்டு வரலாம், விரிக்கக் கூடாது என்கிற மாதிரி.

பெற்றோர் மத்தியக் கல்வித் துறையில் புகார் செய்தார்கள். 2012-ல் அவர்கள் பக்கம் முடிவு வந்தது. ‘சரி, நாயோடு வரலாம்’ என்றது பள்ளி. ஜெயித்தாயிற்று அல்லவா? அங்கேதான் திருப்பம். பள்ளி முதல்வரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த பெற்றோருக்கு மனசு கேட்கவில்லை. புகார் கொடுத்த கோபத்தை நிர்வாகம் குழந்தைமேல் காட்டிவிடுமோ என்று பயந்து, வேறு மாவட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2017 பிப்ரவரியில் கொடுத்த தீர்ப்பிலேயே இந்தப் பயம் பதிவாகியிருக்கிறது. எட்டு நீதிபதிகளும் குடும்பத்துக்குச் சாதகமாகத்தான் முடிவு சொன்னார்கள். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்பே குழந்தை பள்ளி மாறியாயிற்று.

ஒஹாயோ மாநிலக் கதை இன்னும் கொடுமை. மகளுக்கான சிறப்புக் கல்வியைப் பற்றி விடாமல் கேள்வி கேட்ட ஒரு தந்தைமேல், பள்ளி அதிகாரி குழந்தைகள் நல அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார். மகளிடம் அவர் நடந்துகொள்ளும் விதமே சரியில்லை என்று! விசாரித்தார்கள். புகார் நிரூபணமாகவில்லை. தந்தை வழக்குப் போட்டார். புகாரில் கொஞ்சம் உண்மை இருந்தாலும்கூட, பழிவாங்கும் எண்ணத்தோடு கொடுத்திருந்தால் அது தப்புதான் என்று சொல்லி, வழக்கு மேலே நடக்கட்டும் என்று அப்பீல் கோர்ட் 2015-ல் அனுமதித்தது.

அங்கே அப்படி வழக்குப் போட ஒரு பிடிமானம் இருக்கிறது. 1990-ல் வந்த ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான சட்டத்தில், உரிமை கேட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்று தனியாகவே ஒரு பிரிவு. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். முன்பு 7 வகைக் குறைபாடுகளே பட்டியலில் இருந்தன. அதை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தார்கள். அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துத் தக்க வழி செய்வது பள்ளியின் கடமை என்கிறது 16-வது பிரிவு. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று பரீட்சை முறையையே மாற்றித்தரச் சொல்கிறது 17-வது பிரிவு. ஜீப் டிரைவர் கேட்டது சலுகையே இல்லை. சட்டத்தை முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்ப மீறினால் 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை. எல்லாம் இருக்கிறது. கேட்ட பெற்றோரைப் பழிவாங்காதே என்று ஒரு வரி மட்டும் இல்லை.

பள்ளிக்கூடத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் அல்லாடுகிறார். டிஸ்லெக்ஸியா பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கணக்குச் சொன்னது. 2025 மார்ச்சில் மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடங்களை அறிவியுங்கள் என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. டீச்சர்மேல் எனக்குக் கோபமில்லை. காபி கொடுத்தவர்மேல்தான் கோபம்.

வசதியும் படிப்பும் உள்ள பெற்றோர் வேறு வழி கண்டார்கள். எந்தப் பள்ளியும் சரிப்படாதபோது தாங்களே பள்ளி ஆரம்பித்தார்கள். மகள் மாலினிக்காக மித்து ஆலூர் பம்பாயில் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். அந்த மகள் லண்டனில் இரண்டு எம்.ஏ. படித்து, புத்தகமும் எழுதினார். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் ஆரம்பித்ததுதான் இன்றைய ‘வித்யா சாகர்’. கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் லோயர் கேம்ப்பில் ஜீப் ஓட்டுகிறவர் ஜீப்பை விற்றா பள்ளிக்கூடம் கட்டுவார்? மிச்சிகன்காரர் மாதிரி பக்கத்து மாவட்டப் பள்ளியில் சேர்க்கலாமென்றால் பக்கத்து மாவட்டம் இடுக்கி. மலைக்கு மேலே. மலையாளம்.

அதனால் அவர் செய்தது இது. ஒரு திங்கட்கிழமை ஜீப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் பிடித்துத் தேனி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனார். மனுவோடு நோட்டின் ஜெராக்ஸ். ஒரு நகல் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பள்ளிக்கு மட்டும் தபாலில். ரிஜிஸ்டர் தபால்தான் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டதே, அதனால் ஸ்பீடு போஸ்ட். கடிதத்தில் ஒரே கேள்வி: “என் மகனை டி.சி. வாங்கிக்கொள்ளும்படி சொன்ன காரணத்தை எழுத்தில் தரவும்.”

எழுத்தில் பதில் வரவில்லை. வேன் வந்தது! வீட்டு வாசலுக்கே. பரீட்சையில் இருபது நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பகல் 12.40 போனும் நின்றுவிட்டது. கடைசி பெஞ்ச் மட்டும் மாறவில்லை. உயரம் குறையவில்லை போலிருக்கிறது. பையன் இப்போது கம்பத்தில் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் போய் வருகிறான். ‘பலம்’ சரியாக வருகிறதாம். ‘மலம்’ என்று எழுதாதவரை சந்தோஷம் என்று அம்மா சிரிக்கிறார்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். நோட்டு முடிந்துவிட்டதாம். இரண்டாவது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறார். பஸ் நகரும்போது ஜன்னலைத் தட்டினார்.

“ஸார், பேரு போட்ராதீங்க. ஸ்கூல் பேரும் வேணாம், எம் பேரும் வேணாம். பய இன்னும் நாலு வருஷம் அங்கதேன் படிக்கணும்.”