அவுன்ஸும் ஆழாக்கும் மில்லி லிட்டரில் எவ்வளவு?

தாமிரபரணித் தண்ணீரில் விளையும் எங்கள் ஆத்தூர் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணி வாங்கிவிடலாம். எண்ணெய், பால், மருந்தை எண்ண முடியுமா? அளந்துதான் ஆக வேண்டும். அங்கேதான் பல வீடுகளில் குழப்பம். ஆச்சி, "ஒரு உழக்கு எண்ணெய் ஊத்துட்டி" என்பார்கள். பழைய மருந்துக் குறிப்பில் 'இரண்டு அவுன்ஸ்' என்றிருக்கும். கடையில் கிடைப்பதோ லிட்டரும் மில்லி லிட்டரும்! இந்த மூன்றையும் இணைக்கும் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அவுன்ஸ் கணக்கு

நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் டாக்டர்கள் மிக்ஸ்சரை அவுன்ஸில் எழுதுவார்கள். கம்பவுண்டர் ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. அன்றைய பிரிட்டிஷ் அளவுகள் இவை:

1 திரவ அவுன்ஸ் – 28.4 மி.லி.
1 பைண்ட் (20 அவுன்ஸ்) – 568 மி.லி.
1 காலன் (8 பைண்ட்) – 4.546 லிட்டர்

அமெரிக்க அளவு வேறு. அவர்களுடைய பைண்டுக்கு 16 அவுன்ஸ்தான். அதாவது 473 மி.லி. காலன் 3.785 லிட்டர். அமெரிக்காவிலிருந்து வரும் கேக் குறிப்பில் 'ஒரு பைண்ட் பால்' என்றிருந்தால், பிரிட்டிஷ் கணக்கில் ஊற்றி விடாதீர்கள். மாவு தண்ணீராகிவிடும்!

ஆழாக்குக் கணக்கு

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. வாய்பாட்டில் ஆழாக்குக்கு ஏறக்குறைய 168 மி.லி. என்று சொல்வார்கள். அப்படியானால் உழக்கு 336, உரி 672, படி 1,344 மி.லி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். சென்னைப் பட்டணத்துப் படி இதைவிடப் பெரியது. அதனால் வாய்பாட்டை மட்டும் நம்பாமல், உங்கள் வீட்டு ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி, கோடு போட்ட அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். வரும் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டி விடுங்கள். ஆச்சியின் கைப்பக்குவம் பேத்திக்கும் அப்படியே வரும்.

லிட்டர் வேறு, கிலோ வேறு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயோ சுமார் 910 கிராம்தான். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதே அது லேசானது என்பதால்தானே? அதனால் ஒரு கிலோ எண்ணெய் வாங்கினால் ஏறக்குறைய 1,100 மி.லி. இருக்கும். விலையை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் படித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியபோது, லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து போயிற்று. விமானிகள் திறமையாகக் கிம்லி என்ற இடத்தில் இறக்கியதால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

குழந்தையின் மருந்து

சமையலில் அளவு தப்பினால் ருசிதான் கெடும். குழந்தை விஷயம் அப்படியா? மருந்துச் சீட்டில் ஒரு டீஸ்பூன் என்றால் 5 மி.லி.; மேஜைக் கரண்டி என்றால் 15 மி.லி. நம் வீட்டு ஸ்பூன்களோ ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும்.

காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. லேபிளைப் படித்து, எத்தனை மி.லி. என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

போன கோடையில் பக்கத்து வீட்டு மைனி, வயிற்றுப்போக்கில் துவண்ட தன் குழந்தைக்கு உப்பு–சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொண்டிருந்தாள். பொட்டலத்தில் 'ஒரு லிட்டருக்கு' என்று அச்சிட்டிருந்தது. "மைனி, இதைக் குடுக்காதீங்க" என்று தடுத்தேன். அவ்வளவு உப்பு உள்ளே போனால் தாகமும் வலிப்பும் வரக்கூடும், மூளைக்கே கேடு.

பெரிய பொட்டலத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், 200 மி.லி. என்று போட்ட சிறிய பொட்டலத்துக்கு 200 மி.லி.தான். அளவு ஜாடி இல்லையா? 'ஒரு லிட்டர்' என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் போதும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்க வேண்டும். மேலும் சர்க்கரை சேர்க்கவோ கொதிக்க வைக்கவோ கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

அலமாரியில் உழக்கு அழகுக்கு இருக்கட்டும். அதன் பக்கத்தில் மில்லி லிட்டர் கோடு போட்ட ஒரு ஜாடியும் இருக்கட்டும்.