மானுவேல் ஆரோனும் எம்மூர்ச் சதுரங்கமும்

யாம் பிறந்து வளர்ந்த ஓட்டப்பிடாரம் சதுரங்கத்துக்குப் பெயர்பெற்ற ஊரன்று. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவ்வூரில் தோன்றிய வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களாலும், அண்டையிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியாலும், கரிசலில் விளையும் பருத்தியாலுமே வெளியூரார் அதனை அறிவர். ஆயினும், பருத்தி எடுப்பு முடிந்து, கோடை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நாள்களில், எம்மூர்த் திண்ணைகளில் சதுரங்கம் நடைபெறுவதுண்டு. பலகை என்று ஒன்றில்லை. கரிக்கட்டியால் தரையிற் கோடு கிழித்து அறுபத்துநான்கு கட்டங்கள் வகுத்துக்கொள்வார்கள். எம் பெரியப்பா அவ்வாட்டத்தில் வல்லவர். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து வந்து ஆடியவர்களில் அவரை வென்று சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவரிடம் பயின்ற துணிவோடு, முதலாண்டு மாணவராயிருந்தபோது, யாம் ஒரு கல்லூரிப் போட்டியிற் கலந்துகொண்டோம். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்குள் எம் அரசனுக்கு நெருக்கடி நேர்வதைக் கண்டு, பெரியப்பா கற்பித்தபடியே, அவனைக் குதிரையைப்போல் ஒரு தாவு தாவச்செய்து பாதுகாப்பான மூலையருகே வைத்தோம். எதிரே அமர்ந்திருந்த மாணவர் எம்மை வியப்புடன் நோக்கிக் கையை உயர்த்தினார். நடுவர் வந்தார். அத்தகைய நகர்த்தல் விதியில் இல்லை என்றும், அரசனைப் பழைய கட்டத்தில் வைக்கவேண்டும் என்றும் கூறினார். அவ்வளவோடு நின்றிருந்தால் நலமாயிருக்கும். கையால் தொட்ட காயையே நகர்த்தவேண்டும் என்பது விதியாதலால், அரசனையே வேறொரு முறையான கட்டத்துக்கு நகர்த்துமாறு பணித்தார். கோட்டை கட்டவும் இடமில்லை. இடையில் எம் காய்களே நின்றன. அவனுக்கு முன்னிருந்த ஒரே வெற்றுக் கட்டத்துக்கு அவன் போனான், போனவன் மீளவில்லை.

அன்று எமக்கு நேர்ந்த வெட்கம் பெரிது. பெரியப்பா எமக்குப் பொய் கற்பித்தாரா என்னும் ஐயமும் எழுந்தது. அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளத் தேடியபோதுதான் மானுவேல் ஆரோன் என்னும் பெயரை யாம் முதன்முதலாக அறிந்தோம்.

பெரியப்பா பொய் கற்பிக்கவில்லை. சதுரங்கம் என்னும் சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. நம் நாட்டிலிருந்து பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த அவ்வாட்டம், ஆங்கு பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிற் பெரிதும் மாறியது. நம் நாட்டில் அதற்குப் பல நடைமுறைகள் இடத்துக்கு இடம் வேறுபட்டு வழங்கின. காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டந்தான் செல்லும். அரசனுக்கு முற்றுகை நேராதவரையில், ஆட்டத்தில் ஒருமுறை அவன் குதிரைபோல் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய காலாள், எந்தப் பத்தியில் ஏறிற்றோ அந்தப் பத்திக்குரிய காயாகவே மாறும். யானைப் பத்தியில் ஏறியது யானையாகும், குதிரைப் பத்தியில் ஏறியது குதிரையாகும். வேண்டிய காயைக் கேட்டு வாங்கும் உரிமை அதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் இவ்வழக்கங்கள் நம் நாட்டில் நிலைத்திருந்தன. எம்மூர்த் திண்ணையில் இன்னும் அவை மறையவில்லை, அவ்வளவே.

இவ்வேறுபாடு சிறிதென்று எண்ணற்க. காலாள் மெல்ல நடக்கும் ஆட்டத்தில் படைகள் ஒன்றையொன்று சந்திக்க நெடுநேரம் ஆகும். அரசனுக்கும் தாவி ஒளியும் வழியொன்று கைவசமிருக்கும். ஆதலின் அவ்வாட்டத்தில் வல்லவர் தொடக்கத்தைப்பற்றிக் கவலைகொள்வதில்லை. ஐரோப்பிய முறையிலோ முதற் பத்து நகர்த்தல்களிலேயே ஆட்டம் தோற்றுப்போகக்கூடும். அங்குள்ளோர் அப்பத்து நகர்த்தல்களை நூற்றாண்டுகளாக ஆராய்ந்து நூல்களாக எழுதிவைத்துள்ளார்கள். நூல் படித்தவனோடு நூல் படியாதவன் மோதும்போது, பின்னவன் எத்துணை மதியூகியாயினும் முதல் அரைமணி நேரத்திலேயே பின்தங்கிவிடுகிறான்.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இதற்கு ஒரு விலக்கு எனலாம். நம் நாட்டு முறையில் வளர்ந்த அவர், தம் புரவலர் சர் உமர் ஹயாத் கானுடன் 1929-இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்; 1932-லும் 1933-லும் மீண்டும் அப்பட்டத்தைப் பெற்றார்; முன்னாள் உலக வீரர் கப்பபிளாங்காவையும் ஒருமுறை தோற்கடித்தார். பிறகு புரவலருடன் ஊர் திரும்பிவிட்டார். அவருக்குப்பின் அவர் வழியில் வந்தார் ஒருவருமிலர். அவர் 1966-இல் காலமானார். கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல்தான் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. தனியொருவரின் மேதையால் நாட்டுக்கு ஓர் ஆட்டம் வந்துவிடாது என்பதை அவர் வரலாறு காட்டுகிறது. வழியமைக்க வேறொரு வகை மனிதர் வேண்டியிருந்தது.

மானுவேல் ஆரோன் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பர்மாவின் டௌங்கு நகரில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வளர்ந்ததும் பள்ளிக் கல்வி பெற்றதும் தமிழ்நாட்டில், பி.எஸ்ஸி. பட்டம் பெற்றது அலகாபாத் பல்கலைக்கழகத்தில். நம் நாட்டின் முதல் தேசியச் சதுரங்கப் போட்டி ஏலூரில் 1955-இல் நடைபெற்றது. அதற்கு நான்காண்டுகளுக்குப்பின், 1959-இல், ஆரோன் தேசிய சாம்பியன் ஆனார். அதுமுதல் 1981 வரையில் ஒன்பது முறை அப்பட்டத்தைப் பெற்றார். மாநிலப் பட்டத்தை 1957 முதல் 1982 வரையிலான காலத்தில் பதினொரு முறை வென்றார். ஒருவர் கால் நூற்றாண்டுக் காலம் தம் மாநிலத்தில் முதன்மை நிலையில் நிற்பது எளிய செயலன்று.

ஆயினும் இவ்வெண்ணிக்கைகளைவிட எம்மை ஈர்ப்பது வேறொன்று. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924-இல் பாரிஸ் நகரில் தோன்றியது. கிராண்ட்மாஸ்டர், சர்வதேச மாஸ்டர் என்னும் பட்டங்களை அது 1950-இல் ஏற்படுத்தியது. அவ்விரண்டில் பின்னதை இந்தியருள் முதலிற் பெற்றவர் ஆரோனே. அதற்காக அவர் இருவரை எதிர்த்தாடி வெல்லவேண்டியிருந்தது. மங்கோலியாவின் மோமோவை 3-1 என்னும் கணக்கில் வென்றார். பின்பு ஆஸ்திரேலியாவின் பர்டியை 3-0 என வீழ்த்தினார். இப்பர்டி சாமானியர் அல்லர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலகின் முதல் சாம்பியன் அவர், பத்திரிகை நடத்தியவர், ஆட்டத்தைக் கற்பிக்கும் எழுத்தாளர் என்றும் புகழ்பெற்றவர். அவரிடம் ஓர் ஆட்டமும் தோற்காமல், ஒன்றும் சமனாகாமல் வெல்வதென்றால், நூற்கல்வியிலும் ஆரோன் அப்போதே தேறியிருந்தார் என்றுதானே பொருள்? 1961-இல் அவருக்குச் சர்வதேச மாஸ்டர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிற்குரிய அர்ஜுனா விருதும் அவரைச் சேர்ந்தது. சதுரங்க வீரருள் அவ்விருதை முதலிற் பெற்றவர் அவர்.

அவ்வெற்றியின் பயனாக 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற மண்டலங்களுக்கிடையிலான போட்டிக்கு அவர் தகுதிபெற்றார். உலக சாம்பியனை எதிர்ப்பவர் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் படிகளுள் அஃது ஒன்று. இருபத்துமூவர் கூடினர், ஒவ்வொருவரும் மற்ற இருபத்திருவரோடும் ஆடவேண்டும். ஜனவரி இறுதியில் தொடங்கி மார்ச்சு வரையில், ஸ்வீடன் நாட்டுப் பனிக்காலத்தில் அப்போட்டி நடந்தது. பதினெட்டு வயதினரான பாபி பிஷர் மற்றவரை வெகுதூரம் பின்தள்ளி முதலிடம் பெற்றார். ஆரோன் கடைசி இடம் பெற்றார்.

கடைசி இடம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. வீரரைப்பற்றி எழுதுவோர் சிலர் அதனை விழுங்கிவிட்டு, அவர் அங்கு வென்ற ஆட்டங்களை மட்டும் கூறுவர். ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் என்னும் இரு கிராண்ட்மாஸ்டர்களை அவர் அங்கு வென்றது மெய்யே. இரண்டையும் சேர்த்துக் காணும்போதுதான் அவர் நிலை விளங்குகிறது. உலகப் புகழ்பெற்றோரை ஒருநாள் வெல்லும் திறம் அவரிடம் இருந்தது. இருபத்திரண்டு சுற்றுக்களிலும் அத்திறத்தைக் காத்துக்கொள்ளும் பயிற்சி இல்லை. எங்ஙனம் இருக்கும்? நம் நாட்டில் அவரையன்றிச் சர்வதேச மாஸ்டர் ஒருவரும் அந்நாளில் இலர். நிகரானவரோடு நாள்தோறும் ஆடித் தேர்ந்த சோவியத் வீரர்கள் ஒருபுறம்; தனக்கு நிகர் தானேயாகிய ஒருவர் மறுபுறம். எம்மூரில் பெரியப்பாவுக்கு நேர்ந்த குறையும் இதுவே. ஊரில் வல்லவராயிருப்பதே ஒருவருக்குப் பெருந்தடையாகிவிடுகிறது.

ஆரோன் இதை உணர்ந்தார் என்று அவர் பிற்காலப் பணிகளைக்கொண்டு யாம் கருதுகிறோம். 1960, 1962, 1964 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பியாட்டுகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். சர்வதேச விதிகளை நம்மவர் கைக்கொள்ளவும், தொடக்க நகர்த்தல்களை நூல்களைக்கொண்டு பயிலவும் இடையறாது தூண்டினார். 1972-இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில், ரீகா நகரத்து வீரர் மிகையில் டாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தோன்றியது. அதனை உருவாக்கியவர் ஆரோன். நூல்களும் பலகைகளும் நிகரான எதிரிகளும் ஓரிடத்திற் கிடைத்தமையே அதன் பெரும்பயன். மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்து, தாயாரிடம் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த் சிறுவனாய்ச் சென்று ஆடிய இடம் அக்கழகமே.

ஆரோனுக்குப்பின் இரண்டாவது சர்வதேச மாஸ்டர் இந்தியாவுக்குக் கிடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1978-இல் அப்பட்டம் பெற்ற வி.ரவிக்குமாரும் தமிழ்நாட்டினரே. அதன்பின் இடைவெளி விரைந்து சுருங்கிற்று. 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்துமுறை உலகப் பட்டம் வென்றார். 2022-இல் ஒலிம்பியாட்டே மாமல்லபுரத்துக்கு வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். இவை செய்தித்தாள் வாயிலாக யாவரும் அறிந்தவை, விரிக்கவேண்டா.

ஆட்டக்காரருக்கு அடுத்து, எழுத்தாளர் ஆரோனைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். நாளிதழிற் சதுரங்கப் பத்தி எழுதியும், சதுரங்கத்துக்கென்றே வெளிவந்த மாத இதழைத் தொகுத்தும் அவர் பன்னெடுங்காலம் பணியாற்றினார். விஜய் பண்டிட் என்பாருடன் சேர்ந்து, இந்தியச் சதுரங்கத்தின் வரலாற்றைத் தொடக்கக் காலத்திலிருந்து 2010 வரையில் பெருநூலாக ஆங்கிலத்தில் எழுதி 2014-இல் வெளியிட்டார். ஆடுவோர் பலர், ஆடியதை எழுதிவைப்போர் சிலர். குறியீட்டால் எழுதப்பட்ட ஆட்டம் மறுபடி ஆடிப்பார்க்கத்தக்கது. அதில் யார் எங்கே பிழைத்தார் என்று ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு மாணவன் கண்டுகொள்ளலாம். பெரியப்பா ஆடிய ஆயிரம் ஆட்டங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. மழைநாளில் தரைக்கோடு கரைந்ததுபோல அவையும் போயின.

நடுவர் தொழிலையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும்; ஏனெனில் எம்மை அன்று தலைகுனியவைத்தவர் நடுவரே. அவர் ஆட்டத்தின் தரத்தைப்பற்றி வாய்திறக்கமாட்டார். ஒருவன் தன் அரசியை வீணே இழக்கப்போவதைக் கண்டும் கற்சிலைபோல் நிற்பார். தொட்ட காயை நகர்த்தினானா, கடிகாரம் ஒழுங்காய் ஓடுகிறதா, ஒரே நிலை மும்முறை வந்ததா, காய் வெட்டும் காலாள் நகர்த்தலுமின்றி ஐம்பது நகர்த்தல்கள் கழிந்தனவா என்பனவே அவர் கவலை. காயைச் சரியாக நிறுத்தவேண்டுமாயின், தொடுமுன் அதனைச் சொல்லிவிட்டே தொடவேண்டும். இவ்விதிகள் கொடியவைபோற் தோன்றும். திண்ணையில் இத்தகைய நடுவர் இல்லாமையால், இரு ஊரார் கூடும்போது பாதி நேரம் ஆட்டத்திலும் பாதி நேரம் வழக்கிலும் கழிவதை யாம் சிறுவயதிற் பன்முறை கண்டிருக்கிறோம். ஓரூரார் காலாள் தான் ஏறிய பத்தியின் காயாகும் என்பர். மற்றோரூரார் அரசியாகும் என்பர். யாருடைய வழக்கு மெய்யான வழக்கு? உலகனைத்துக்கும் ஒரே விதி என்னும் ஏற்பாடு இல்லாவிடின், ஓட்டப்பிடாரத்து மாணவனும் ஸ்டாக்ஹோம் மாணவனும் ஒரு பலகைமுன் அமரவே இயலாது. எனினும், அவ்வேற்பாட்டுக்காக நாம் கொடுத்த விலையில் அரசனின் அந்த ஒற்றைத் தாவலும் அடங்கும் என்பதை நினைக்கையில் எமக்குச் சிறிது வருத்தமே.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, மடக்குப் பலகையொன்றையும் ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டுபோனோம். பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, பார்வை மங்கல். புதிய விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னோம். காலாள் இரண்டு கட்டம் பாயும் என்றதும், "அவ்வளவு அவசரம் என்னத்துக்கு?" என்றார். அரசன் தாவக்கூடாது என்றதும் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "சரி தம்பி, காயை வை" என்றார்.

அவருடைய தொடக்கம் பிசகாயிருந்தது. யாம் ஒரு குதிரையை வென்றோம். ஆயினும் ஆட்டத்தின் நடுப்பகுதியில் எம் படை எவ்வாறு கலைந்ததென்று எமக்கே விளங்கவில்லை. நாற்பத்தொன்றாம் நகர்த்தலில் எம் அரசன் கட்டுண்டான். தாவ இடமிருந்தது, உரிமை இல்லை. யாம் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். அது எதற்கு என்று கேட்டார். இதைப் பார்த்து எவரும் இவ்வாட்டத்தை அப்படியே திரும்ப ஆடலாம் என்றோம். தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதில் தம் பெயர் எங்கேயிருக்கிறது என்று கேட்டு, அவ்விடத்தை விரலால் தொட்டுக் காட்டச்சொன்னார். பிறகு அதனை நான்காய் மடித்து வெற்றிலைச் செல்லத்துக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி காய்களை அடுக்கத் தொடங்கினார்.