புது அட்டையும் பழைய பெட்டியும்

கட்டி முடித்த வீட்டை விலைக்கு வாங்குகிறவர், சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் பருமன் என்ன என்று கேட்பதில்லை. நான்கு விளக்குக்கும் இரண்டு விசிறிக்கும் போதுமான கம்பியைக் கட்டியவர் போட்டிருப்பார். பின்னொரு நாள் அந்த வீட்டில் பெரிய மோட்டார் ஒன்றை ஓட்டினால் பியூஸ் எரிந்து போகும். குற்றம் மோட்டாருடையது அன்று, வீட்டினுடையதும் அன்று. ஒன்றின் தேவையை மற்றொன்றின் ஆற்றலோடு ஒப்பிட்டுப் பாராமையே குற்றம்.

தொழிற்சாலையிலேயே முழுமையாகப் பூட்டப்பட்டு விற்பனைக்கு வரும் மேசைக் கணினியில், புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தும்போது நேரும் தொல்லைகளுள் பெரும்பாலானவை இத்தகையவையே. அவற்றின் காரணத்தை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதை மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன நிறம் என்று கணக்கிட்டுச் சொல்வது இந்த அட்டையின் தொழில். 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படம் வேண்டுமானால், 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும். இவ்வளவு உழைப்புக்கும் மின்சாரம் வேண்டும். உண்ட மின்சாரம் வெப்பமாக வெளிப்பட்டே தீரும்.

அட்டைக்கு மின்சாரம் இரு வழிகளில் வருகிறது. மதர்போர்டில் அட்டையைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும். அது போதாத அட்டைகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனை இணைப்பு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தருவதற்கென வகுக்கப்பட்டவை. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 என்னும் அட்டையின் தேவை 75 வாட். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் தேவையோ 170 வாட்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், பல மாதங்கள் சேர்த்த பணத்தைக் கொண்டு 170 வாட் அட்டை ஒன்றை வாங்கினார். கணினி இயங்கிற்று, கட்டுரை எழுத உதவிற்று, திரைப்படமும் காட்டிற்று. விளையாட்டொன்றைத் தொடங்கிய சில நிமிடங்களில் சட்டென்று அணைந்தது. அட்டை பழுது என்று அவர் முடிவு செய்துவிட்டார். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துச் சொல்லும்படி கேட்டேன். 240 வாட் என்றார். பிராசசருக்கு 65, அட்டைக்கு 170, ஆக 235 வாட். மதர்போர்டு, நினைவகம், வட்டு, விசிறி அனைத்துக்கும் எஞ்சியது 5 வாட்!

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. அந்தப் பவர் சப்ளையில் எட்டு முனைக் கம்பியே இல்லை. வட்டுக்குச் செல்லும் சாட்டா கம்பியிலிருந்து, மலிவான அடாப்டர் ஒன்றின் வழியாக அவர் மின்சாரம் எடுத்திருந்தார். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தரவல்லது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே. எட்டு முனை வழியே அட்டை 150 வாட் வரை கேட்கலாம். அந்த இணைப்பின் பிளாஸ்டிக் சூட்டினால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாட்கள் சென்றிருந்தால் உருகித் தீப்பற்றியிருத்தல் கூடும். அதே அட்டையை 550 வாட் பவர் சப்ளையுள்ள நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்திப் பார்த்தோம். மாலை முழுதும் குறையின்றி இயங்கிற்று. கடைக்காரர் மனமிசைந்து, தனிக் கம்பி வேண்டாத 75 வாட் அட்டையாக மாற்றித் தந்தார்.

பெரிய பவர் சப்ளையை வாங்கி மாட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1995இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவைச் சில கணினி நிறுவனங்கள் பின்பற்றுவதில்லை. அவற்றின் பெட்டி வடிவமும் இணைப்பு முனைகளும் வேறு; ஆகவே அளந்து பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும். ஒரு பவர் சப்ளையோடு வந்த கழற்றும் கம்பியை மற்றொன்றில் செருகலாகாது. அட்டைப் பக்கத்து முனை ஒன்றாக இருப்பினும், பவர் சப்ளைப் பக்கத்து முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பவர் சப்ளையின் மூடியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் அபாயமான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இனி, அறிகுறிகளைக் கொண்டு காரணத்தை நாடுவோம். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். மானிட்டர் கம்பி மதர்போர்டின் பழைய வாயிலேயே இருக்கக்கூடும். அதைப் புது அட்டையின் வாய்க்கு மாற்றுங்கள். அதனாலும் பயனில்லையெனில், மின்தொடர்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அட்டை இறுதிவரை செருகப்பட்டிருக்கிறதா, தனிக் கம்பி அழுந்தப் பொருந்தியிருக்கிறதா என்று நோக்குங்கள்.

அடுத்து, புது அட்டையை எடுத்துவிட்டுக் கணினியைப் பழைய நிலையில் இயக்குங்கள். படம் தெரிந்தால் மற்ற உறுப்புகள் நலமே என்பது தெளிவாகும். பழைய கணினியின் பயாஸ் மென்பொருள் புதிய அட்டையை அறியாதிருத்தலும் உண்டு. அதற்குக் கணினியை உருவாக்கிய நிறுவனம் தரும் புதுப்பதிப்பை நிறுவ வேண்டும். படம் தெரிந்தும் எழுத்துகள் பருத்துக் கரடுமுரடாக இருந்தால், டிரைவர் மென்பொருள் சரியில்லை. பழையதை நீக்கிப் புதியதை நிறுவுங்கள். கடும் வேலையின்போது மட்டும் அணைந்தால், மின்சாரப் பற்றாக்குறை அல்லது மிகுவெப்பம் என்று கொள்ளலாம்.

இவற்றுள் எதைச் செய்தாலும் ஒரு வேளையில் ஒரே மாற்றம் செய்யுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றிப் பிழை நீங்கினால், நீக்கியது எது என்று அறிய வழியில்லை. சோதனைச் சாலையில் நீங்கள் பயிலும் முறையும் இதுவே அன்றோ? செய்ததையும் கண்டதையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வாருங்கள்.

அட்டை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் பெட்டியைத் திறந்து மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையின் சீட்டில் உள்ள வாட் எத்தனை? அட்டைக்கென ஆறு முனை அல்லது எட்டு முனைக் கம்பி உண்டா? அட்டைக்கு உள்ள இடத்தின் நீளமும் அகலமும் எத்தனை அங்குலம்? இம்மூன்றுக்கும் விடை கையில் இருந்தால், சேர்த்த பணம் வீணாவதற்கு இடம் மிகக் குறைவு.