பழைய கொம்பியூட்டருக்கு றாம் வாங்க முன்

யாரோ தந்த பழைய கொம்பியூட்டர் மெதுவாக ஓடுகிறதா? றாம் கூட்டினால் பலன் இருக்கலாம். ஆனால் எல்லா றாமும் பொருந்தாது. டிடிஆர்3 இல் 240 தொடுமுனைகள், டிடிஆர்4 இல் 288. அடியில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். அமத்தி இறக்கினால் மதர்போர்டே பழுதாகிவிடும். டிடிஆர்2 இலும் 240 தான், ஆனபடியால் எண்ணிப் பார்த்து வாங்காதேங்கோ, லேபிளை வாசியுங்கோ. மடிக்கணினியின் றாம் கட்டை, அதுவும் சரிவராது.

நானும் ஒருக்கா மாறி வாங்கினேன். பைக்கற்றை உடைத்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு அது!

முதலில் சட்டத்தரணியின் கடிதங்கள், வழக்குப் பத்திரங்களை யூஎஸ்பியில் பிரதி எடுங்கோ. பிறகு மின்வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பழைய றாமை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.